ஹெச். பைலோரி: மூச்சு, மலம், ரத்தம், எதைப் பரிசோதிப்பது?

கேள்வி: மூன்று மாதமாக அஜீரணம். வயிற்றில் ஹெச். பைலோரி கிருமி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார்கள். மூச்சு, மலம், ரத்தம் என மூன்று வழி இருக்கிறதாம். எது நம்பகமானது?

மூச்சுப் பரிசோதனை கிடைத்தால் அதுதான். இல்லையென்றால் மலத்தில் ஆன்டிஜென் (கிருமியின் புரதத் துணுக்கு). ரத்தம் கடைசி. ஆனால் மூச்சோ மலமோ, எதைச் செய்தாலும், அன்றைக்கு நீங்கள் அமிலம் குறைக்கும் மாத்திரையில் இருந்தால் முடிவு கெட்டுப்போகலாம். பெரும்பாலான குளறுபடி அங்கேதான்.

பான்டோபிரசோல், ஒமிபிரசோல் வகை மாத்திரைகள் கிருமியின் எண்ணிக்கையைக் குறைக்கும். இரைப்பையின் கீழ்ப்பகுதியிலிருந்து மேல்பகுதிக்கு ஒதுக்கியும் விடும். அப்போது மூச்சு, மலம், பயாப்ஸி (இரைப்பைத் திசுவில் துணுக்கு எடுத்துப் பார்ப்பது) மூன்றுமே 'இல்லை' என்று பொய் சொல்லக்கூடும். அதனால் 2 வார இடைவெளி வேண்டும். ஆன்டிபயாடிக், பிஸ்மத் (சில வயிற்று மருந்துகளில் இருக்கும் சேர்மம்) என்றால் 4 வாரம். அதுவரை எரிச்சல் தாங்காவிட்டால் பிஸ்மத் கலக்காத சாதாரண ஆன்டாசிட் போதும். ஆஸ்பிரினோ ரத்தம் உறையாமலிருக்க மருந்தோ எடுப்பவர்கள் அமில மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது, மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான். ஒன்று: மாத்திரை சாப்பிடும்போதே 'இருக்கிறது' என்று வந்தால் பொதுவாக நம்பலாம். 'இல்லை' என்று வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

மூச்சுப் பரிசோதனையின் சூட்சுமம் எளிது. இந்தக் கிருமி சுரக்கும் யூரியேஸ் நொதி, யூரியாவை அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கும். சுமார் 6 மணி நேரம் வெறும் வயிற்றில் இருந்து, முதலில் ஒரு பையில் ஊத வேண்டும். பிறகு கார்பன்-13 அடையாளமிட்ட யூரியாவை, வழக்கமாக 75 மில்லிகிராம், சிட்ரிக் அமிலம் கலந்த பானத்துடன் குடித்து, ஏறக்குறைய 30 நிமிடம் கழித்து மறுபடி ஊத வேண்டும். இடையில் சாப்பாடு, புகை, நடை எதுவும் வேண்டாம். இரண்டு ஊதலிலும் உள்ள கார்பன்-13 அளவின் வித்தியாசம் ஆயிரத்துக்கு 4-ஐத் தாண்டினால் பல ஆய்வகங்களில் பாசிட்டிவ். 2 முதல் 5 வரை வந்தால் நான் அதை முடிவாகவே எடுக்க மாட்டேன், திரும்பச் செய்வதே நல்லது. கார்பன்-14 முறையில் மிகச் சிறிய கதிர்வீச்சு உண்டு. கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் தவிர்ப்பார்கள்.

மலத்தில், ஆய்வகத்தில் செய்யும் மோனோகுளோனல் எலிசா முறை மூச்சுக்கு அருகில் நிற்கும். அட்டையில் சொட்டுவிட்டுப் பார்க்கும் ரகம் அவ்வளவு இல்லை. வயிற்றுப்போக்கு நாளில் மாதிரி கொடுக்காதீர்கள், ஆன்டிஜென் நீர்த்துவிடும். உடனே கொடுக்க முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் வையுங்கள். வெளியில் கிடந்தால் கெடும். 3 நாளுக்கு மேல் போகுமென்றால் உறைய வைக்க வேண்டும்.

ரத்தம் பார்ப்பது கிருமியை அல்ல, அதை எதிர்த்து உடல் உருவாக்கும் ஆன்டிபாடியை. கிருமி ஒழிந்து மாதங்கள், சில சமயம் வருடங்கள் கழிந்தும் அது தங்கும். ஒரு கணக்குப் போடுங்கள்: 1000 பேரில் 100 பேருக்குத் தொற்று. கிட், தொற்றுள்ளவர்களில் 85 சதவீதத்தைப் பிடிக்கிறது. இல்லாதவர்களில் 20 சதவீதத்தைத் தவறாகப் பிடிக்கிறது. உண்மை பாசிட்டிவ் 85, பொய் பாசிட்டிவ் 180! ரத்தக் கசிவுள்ள புண் இருந்தோ, மாத்திரையை நிறுத்த முடியாமலோ மற்ற சோதனைகள் தடுமாறும்போது மட்டும் இதற்கு வேலை உண்டு.

எடை குறைவு, விழுங்கச் சிரமம், கறுப்பு மலம், ரத்தசோகை, ஓயாத வாந்தி, அல்லது 60 வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய அஜீரணம் என்றால் இந்த வாதமே வேண்டாம், நேராக எண்டோஸ்கோபி. இரைப்பையின் கீழ்ப்பகுதி, நடுப்பகுதி இரண்டிலிருந்தும் துணுக்கு எடுக்கிறார்களா என்று கேளுங்கள். ஒரே இடத்தில் எடுத்தால் தவறவிடலாம்.

சிகிச்சை முடிந்து குறைந்தது 4 வாரம் கழித்து, மூச்சிலோ மலத்திலோ கட்டாயம் மறுசோதனை. அப்போதும் அமில மாத்திரைக்கு அதே 2 வார இடைவெளி. அஜீரணம் நின்றதை வைத்துக் கிருமி போய்விட்டது என்று கணிக்க முடியாது. புண் இல்லாதவர்களில் பலருக்குக் கிருமி போன பிறகும் அஜீரணம் தொடரத்தான் செய்கிறது.