தொத்தி ஏறுவதற்கு ஆங்கிலத்தில் ஒரு சொல்: க்ளாம்பர்

குமுளி, பன்னிரண்டாம் வகுப்பு மாணவி: டீச்சர், க்ளைம்ப், க்ளாம்பர் ரெண்டுக்கும் ‘ஏறு’ன்னுதான் அர்த்தம் போட்டிருக்கு. அப்புறம் எதுக்கு ரெண்டு சொல்?

பதில்: கம்பத்திலிருந்து கம்பம்மெட்டு வழியாக ஏலத்தோட்டத்துக்குப் போகும் ஜீப்பைக் காலையில் கவனிச்சிருப்பியேம்மா. பின்படியில் ஒரு கால், கம்பியில் ஒரு கை, இன்னொரு கையில் தூக்குவாளி. உள்ளே இருப்பவர் கைகொடுத்து இழுக்க, முட்டியை ஊன்றி ஏறுவார்கள். அதுதான் க்ளாம்பர். கையும் காலும் சேர்த்து, சிரமப்பட்டு, தட்டுத்தடுமாறி ஏறுவது. நாம் ‘தொத்தி ஏறுறது’ என்கிறோமே, அது. தென்னை ஏறுபவர் சரசரவென்று போவார், அவருக்கு க்ளைம்ப்தான். அங்கே க்ளாம்பர் போட்டால் அவருடைய கைத்திறமையைக் குறைத்துச் சொன்னதாகிவிடும். அகராதிகள் ‘ஏறு’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது எனக்கு வருத்தம்தான்.

போடி, ஒரு அப்பா: க்ளைம்பில் ‘பி’ ஊமை எழுத்து என்கிறார்கள். இதிலுமா?

பதில்: இல்லை சார், இதில் ‘பி’ நன்றாக ஒலிக்கும். முதல் உயிரொலி, ‘பேங்க்’ என்கிறோமே, அதில் வருவது.

மூணாறு, எஸ்டேட்டிலிருந்து ஒரு அம்மா: பையன் ‘க்ளாம்பர்ட் த வால்’ என்று எழுதியதற்கு மார்க் குறைச்சுட்டாங்க.

பதில்: அக்கா, க்ளைம்ப் என்றால் ‘க்ளைம்ப்ட் த வால்’ சரி. க்ளாம்பருக்குப் பின்னால் பொதுவாக ஒரு துணைச்சொல் வரும். சுவருக்கு ‘ஓவர்’, ஜீப்புக்குள் ஏற ‘இன்டு’, அதிலிருந்து இறங்க ‘அவுட் ஆஃப்’. ஆமாம், இறங்குவதற்கும் இந்தச் சொல் வரும்! பாறையைப் பிடித்துப் பிடித்து இறங்கினால் ‘க்ளாம்பர் டவுன்’. பையனை ‘ஓவர்’ சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

நெடுங்கண்டம், மிளகு விவசாயி: கொடிக்குச் சொல்லலாமா?

பதில்: தாராளமாக அண்ணா. ஆனால் உங்கள் மிளகுக்கொடி கணுவில் வேர்விட்டு முருக்கு மரத்தை ஒட்டிப் பிடித்து ஏறுகிறது. அதற்கு க்ளைம்ப்தான் பொருத்தம். வேலிமேல் சாய்ந்து, முள்ளை மாட்டிக்கொண்டு கண்டபடி படரும் போகன்வில்லாவுக்கு க்ளாம்பர் அழகாக உட்காரும்.

செங்கோட்டை, கல்லூரி மாணவர்: ஸ்க்ராம்பிளும் இதேதானா?

பதில்: கிட்டத்தட்ட அதே ஏற்றம்தான் தம்பி, ஆனால் அதில் அவசரம் கூடும். ஜீப் நகர ஆரம்பித்தபின் அடித்துப் பிடித்து ஏறினால் ஸ்க்ராம்பிள்.