பேறுகாலத்துக்குப் பாரிஸ் புறப்படும் அம்மாவுக்கு

புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து 61 வயது வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார். பாரிஸ் பக்கத்தில் இருக்கும் அவர் மகளுக்கு மார்ச் முதல் வாரத்தில் தலைப்பிரசவம். துணைக்கு யாருமில்லாமல் போகிறார், அதுவும் முதல் விமானப் பயணம். எட்டாம் வகுப்பு வரை படித்தவர், தமிழ் மட்டும்தான் தெரியும். முழங்கால் வலி உண்டு. விசாவில் பிப்ரவரி 10 முதல் மே 25 வரை என்று இருக்கிறது. மருமகன் அதைப் பார்த்துவிட்டு, பிப்ரவரி 11 பாரிஸில் இறங்கி மே 22 திரும்புவதுபோல் துபாய் வழியாக டிக்கெட் எடுத்திருக்கிறார். “இமிகிரேஷனில் என்ன கேட்பார்கள்? பதில் சொல்லத் தெரியாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களா? நெய், கருவாடு, பிரசவ லேகியம், கறிவேப்பிலை எல்லாம் கொண்டுபோகலாமா? பேரப்பிள்ளைக்கு ஒரு பவுனில் செயின் வாங்கி வைத்திருக்கிறேன், கஸ்டம்ஸில் பிடிப்பார்களா?” என்று கேட்கிறார்.

அம்மா, நீங்கள் கேட்காத ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கருவாட்டைவிட அவசரமான விஷயம் அது. உங்கள் டிக்கெட் தேதி தப்பு.

விசா ஸ்டிக்கரை எடுத்துப் பாருங்கள். இரண்டு தேதிகளுக்குக் கீழே, தங்கும் நாட்கள் என்ற இடத்தில் 90 என்று தனியாக அச்சாகியிருக்கும். பிப்ரவரி 10 முதல் மே 25 வரை என்பது 105 நாள். அதில் 15 நாள், பயணம் முன்னே பின்னே ஆனால் சமாளிக்கக் கொடுக்கும் இடைவெளி. அந்த 105 நாளுக்குள் நீங்கள் எப்போது வேண்டுமானாலும் போகலாம், ஆனால் தங்குவது 90 நாள்தான். இறங்குகிற நாளும் கிளம்புகிற நாளும் கணக்கில் சேரும். பிப்ரவரி 11 இறங்கினால் மே 11 தொண்ணூறாவது நாள். மே 22 வரை இருந்தால் 11 நாள் கூடுதல். முன்பெல்லாம் அதிகாரி பாஸ்போர்ட்டைப் புரட்டி முத்திரையைத் தேடி விரல்விட்டு எண்ணுவார். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய எல்லைகளில் கம்ப்யூட்டர் பதிவு வந்துவிட்டது. கூடுதலாகத் தங்கினால் அதுவே காட்டிக்கொடுக்கும். அடுத்த முறை பேரனைப் பார்க்க விசா கேட்கும்போது அந்த 11 நாளும் எதிரே வந்து நிற்கும்.

இப்படித் தேதியைத் தவறாகப் படித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், படித்தவர்கள் உட்பட. மருமகனைக் கோபிக்க வேண்டாம். டிக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள். பிப்ரவரி 24 இறங்கினால் மே 24 வரை இருக்கலாம், விசா தேதிக்குள்ளும் அடங்கும், பிரசவத்துக்கும் முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவீர்கள். எடுத்திருக்கும் இன்சூரன்ஸ் புதிய தேதிகளுக்குப் பொருந்துகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு நீங்கள் தங்கும் எல்லா நாளுக்கும் இருக்க வேண்டும்.

சரி, இனி இமிகிரேஷன். துபாயில் இறங்கினாலும் அங்கே இமிகிரேஷன் கிடையாது. விமானம் மாறுகிறவர்களுக்கான வழியில் போனால் கைப்பையை மட்டும் ஸ்கேன் செய்வார்கள். சென்னையிலேயே இரண்டு விமானத்துக்கும் போர்டிங் பாஸ் கொடுத்துவிடுவார்கள். பெட்டியில் ஒட்டும் சீட்டில் ‘சி.டி.ஜி.’ என்ற மூன்று எழுத்து இருக்கிறதா என்று கவுன்டரிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பாரிஸ் விமான நிலையத்தின் குறியீடு அது. இருந்தால் பெட்டியைப் பற்றித் துபாயில் கவலைப்பட வேண்டாம். முழங்கால் வலி இருப்பதால் சக்கர நாற்காலி கேளுங்கள். 48 மணி நேரத்துக்கு முன்பே விமானக் கம்பெனியில் சொல்லிவிட்டால் போதும், காசு கிடையாது. தள்ளிக்கொண்டு போகிறவர் சரியான கேட்டுக்கும் சரியான கவுன்டருக்கும் அவரே கொண்டுபோய் விடுவார். மொழி தெரியாமல் தனியாகப் போகிறவருக்கு அதுதான் பெரிய உதவி. நாலு பேர் பார்ப்பார்களே என்று கூச்சப்படாதீர்கள், அந்த விமான நிலையத்தில் உங்களை யாருக்கும் தெரியாது.

பாரிஸில் முதலில் பாஸ்போர்ட் பார்ப்பார்கள், பிறகு பெட்டி வரும், அதற்கும் பிறகுதான் கஸ்டம்ஸ். பாஸ்போர்ட் கவுன்டரில் இருப்பவர் எல்லைக் காவல்துறைக்காரர். விசா கையில் இருந்தாலும் உள்ளே விடுவதா என்று கடைசியாக முடிவு செய்கிறவர் அவர்தான். அவருக்கு இரண்டு நிமிடத்தில் தெரிய வேண்டியது இவ்வளவுதான்: யார் வீட்டுக்குப் போகிறீர்கள், எத்தனை நாள், திரும்பிப் போவீர்களா, செலவுக்கு வழி இருக்கிறதா. இதற்குப் பேச்சைவிடக் காகிதம்தான் உதவும்.

காகிதத்தில் முக்கியமானது உங்கள் மகள் அங்கே ‘மேரி’யில் வாங்கிய சான்றிதழ். மேரி என்றால் என்ன என்று புதுச்சேரிக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை. நம் கடற்கரைச் சாலையில் இடிந்து விழுந்து மறுபடி கட்டினார்களே, அதே மேரிதான், நகராட்சி அலுவலகம்; பிரான்ஸில் ஒவ்வோர் ஊரிலும் ஒன்று இருக்கிறது. இன்னார் என் வீட்டில் வந்து தங்குவார் என்று மகள் எழுதிக் கொடுத்து, 30 யூரோ கட்டி வாங்கும் அந்தக் காகிதத்துக்கு ‘அத்தெஸ்தாசியோன் தாக்கேய்’ என்று பெயர். அதன் அசல் உங்கள் கைப்பையில் இருக்க வேண்டும். ஜெராக்ஸ் போதாது, பெட்டிக்குள் வைத்தாலும் பயனில்லை, ஏனென்றால் பெட்டி வருவதே அதற்குப் பிறகுதான். கூடவே திரும்பும் டிக்கெட், இன்சூரன்ஸ், மகளின் குடியிருப்பு அட்டை நகல், பணத்துக்கு ஆதாரம். இந்தச் சான்றிதழோடு வருகிறவருக்கு ஒரு நாள் செலவு 32 யூரோ 50 சென்ட் என்று பிரான்ஸ் கணக்கு வைத்திருக்கிறது. அவ்வளவையும் நோட்டாக முடிந்துகொண்டு போக வேண்டியதில்லை. வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டும், விசாவுக்குக் காட்டிய அதே வங்கிக் கணக்கு விவரமும் போதும். கைச்செலவுக்கு 200, 300 யூரோ வைத்துக்கொள்ளுங்கள்.

மகளை ஒரு தாளில் பிரெஞ்சில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள்: இவர் என் அம்மா, என் பிரசவத்துக்காக வருகிறார், இந்த முகவரியில் இந்தத் தேதி வரை தங்குவார், தமிழ் மட்டும் பேசுவார், வெளியே காத்திருக்கிறோம், இதுதான் தொலைபேசி எண். கவுன்டரில் “போன்ஜூர்”, அதாவது வணக்கம், என்று சொல்லிவிட்டு அந்தத் தாளைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து நீட்டுங்கள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் ஆரம்பித்தால் பிரெஞ்சுக்காரர்களுக்கு முகம் கோணும். நம் ஊரில் கடைக்குள் நுழைந்ததும் அதிகாரம் பண்ணினால் எப்படி இருக்கும், அப்படி. பிறகு கேட்டதற்கு மட்டும் பதில். “மா ஃபீய்” என்றால் என் மகள். கேள்வி புரியவில்லை என்றால் தலையாட்டாதீர்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் எதற்கும் ஆமாம் ஆமாம் என்று தலையசைத்துவிட்டு, “வேலைக்கு வந்தீர்களா” என்பதற்கும் ஆமாம் சொன்னால் அங்கே சிக்கல் ஆகும். “தமிழ்” என்று மட்டும் சொல்லிக் கையைக் காட்டுங்கள். மொழி தெரியாதது குற்றமில்லை, அதற்காகத் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

விசாவுக்குக் கொடுத்த கைரேகையோடு உங்கள் விரலை ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், முகத்தைப் படம் எடுப்பார்கள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை மழுங்கியவர்களுக்கு மெஷின் இரண்டு மூன்று தடவை அழுத்தச் சொல்லும். பதற வேண்டாம்.

பாஸ்போர்ட்டில் ‘ஈ.சி.ஆர்.’ என்று இருந்தால் அதற்கும் பயப்படாதீர்கள். நமக்கு ஈ.சி.ஆர். என்றால் சென்னை போகும் சாலை. பாஸ்போர்ட்டில் அது பத்தாவது தேறாதவர்களுக்குப் போடும் குறிப்பு. வளைகுடா நாடுகள், மலேசியா என்று குறிப்பிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள்தான் தனி அனுமதி வாங்க வேண்டும். பிரான்ஸ் அந்தப் பட்டியலில் இல்லை, நீங்கள் வேலைக்கும் போகவில்லை.

இனி சாப்பாடு. ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து வருகிறவர் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரக் கூடாது. கோமாரி போன்ற மாட்டு நோய்கள் அங்குள்ள பண்ணைகளுக்குப் போய்விடும் என்ற பயம்தான் காரணம். ஆகவே நெய் கூடாது, பால்கோவா கூடாது, மட்டன் ஊறுகாயும் கூடாது. மைசூர்பாகு இனிப்பு என்ற கணக்கில் தப்பலாம், ஆனால் நெய் மினுங்கும் அந்தக் கட்டியைக் கையில் எடுக்கும் அதிகாரிக்கு அது வெண்ணெயாகத்தான் தெரியும். விட்டுவிடுங்கள். நான் முதல்முறை ஐரோப்பா போனபோது ஒரு கிலோ பால்கோவா கொண்டுபோய்க் குப்பைத்தொட்டிக்குப் படையல் வைத்தவன். நானாகவே எடுத்துக் காட்டியதால் அபராதம் இல்லை. மறைத்திருந்து அவர்கள் கண்டுபிடித்திருந்தால் அபராதம்.

கருவாடு? ஆச்சரியப்படுவீர்கள், அதற்குத் தடை இல்லை. மீன் வகை சொந்த உபயோகத்துக்கு 20 கிலோ வரை போகலாம், காய்ந்ததும் சேர்த்து. தடையெல்லாம் வாசனையில்தான். கடலூர் முதுநகரில் வாங்கினாலும் சரி, காற்றை உறிஞ்சி எடுத்து அடைக்கும் பையில் இரண்டு சுற்று கட்டுங்கள். இல்லையென்றால் உங்கள் பெட்டியோடு பக்கத்துப் பெட்டிகளும் மணக்கும். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் கருவாடு என்றால் நான் தடுக்க மாட்டேன்.

பச்சை இலை, பூ, காய், பழம் எதற்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். விலக்கு ஐந்தே பழத்துக்கு: அன்னாசி, வாழை, தேங்காய், பேரீச்சை, டுரியன். அர்ச்சனைத் தட்டை அப்படியே கொண்டுபோனால் தேங்காயும் பழமும் உள்ளே போகும், வெற்றிலையும் பூவும் வெளியே நிற்கும். தலையில் வைத்த மல்லிகையையும் விமானத்திலேயே எடுத்துவிடுங்கள். தேங்காயையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன், கொப்பரை தீப்பிடிக்கும் பொருள் என்று சென்னையிலேயே எடுத்துவிடுவார்கள், பச்சைத் தேங்காய்க்கும் கொப்பரைக்கும் வித்தியாசம் சொல்லி வாதாட வேண்டிவரும். கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்துச் செடி, எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் தங்கும். அதனால் அதற்குக் கெடுபிடி அதிகம். பாரிஸில் லா ஷப்பெல் பகுதி முழுக்க ஈழத்தமிழர் கடைகள்தான். கறிவேப்பிலை, முருங்கைக்காய் எல்லாம் அங்கே கிடைக்கும், மகளைக் கேளுங்கள்.

லேகியத்தில் நெய் சேர்வதால் கிண்டிய லேகியமாகக் கொண்டுபோகாதீர்கள். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், கண்டந்திப்பிலி இவற்றைக் காயவைத்து அரைத்துத் தனித்தனிப் பொட்டலமாக, மேலே பெயர் எழுதி எடுத்துப்போங்கள். பனைவெல்லமும் போகும். நெய்க்குப் பதில் அங்கே வெண்ணெய் வாங்கி உருக்கிக்கொள்ளுங்கள், பிரான்ஸில் வெண்ணெய்க்கா பஞ்சம்? சாம்பார்ப் பொடி, இட்லிப் பொடி, வடகம், மாங்காய் ஊறுகாய், முறுக்குக்கெல்லாம் பிரச்சினை இல்லை. ஊறுகாய் பெட்டியில்தான் போக வேண்டும், கைப்பையில் 100 மில்லிக்கு மேல் குழம்பு மாதிரி இருக்கும் எதையும் விட மாட்டார்கள். கசகசா மட்டும் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். துபாயில் அது போதைப்பொருள் கணக்கு. விமானம் தாமதமாகி ஒரு நாள் அங்கே வெளியே தங்க நேர்ந்தால் வம்பு.

மாத்திரைகள் கைப்பையில், அட்டையைப் பிரிக்காமல், மருந்தின் பெயர் தட்டச்சாகிய டாக்டர் சீட்டோடு. மூன்று மாதத்துக்கு எடுத்துப் போகலாம்.

நகைக்கு வருவோம். நீங்கள் எப்போதும் போட்டிருக்கும் தாலிச் செயினும் வளையலும் உங்கள் சொந்த உபயோகம், அதில் கேள்வி இல்லை. பேரப்பிள்ளைக்கு வாங்கிய புதுச் செயின் அப்படியில்லை. அது அன்பளிப்பு. விமானத்தில் வருகிறவர் வரியில்லாமல் கொண்டுவரும் புதுப் பொருளுக்கு உச்சவரம்பு 430 யூரோ. ஒரு பவுன் இன்றைய விலைக்கு அதைத் தாண்டிவிடும். அப்படியானால் பில்லோடு சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்ட வேண்டும். ‘சொல்ல ஒன்றுமில்லை’ என்ற பச்சை வழியில் நுழைந்துவிட்டால், நுழைந்ததே வாக்குமூலம் மாதிரி. பிறகு எடுத்துக் காட்டி ‘தெரியாது’ என்றால் எடுபடாது. என் யோசனை, செயினை வீட்டிலேயே வையுங்கள். குழந்தை எப்படியும் ஒரு வருஷத்துக்குள் பாட்டி வீட்டுக்கு வரும், மொட்டையடித்துக் காது குத்தும்போது போடலாம். இப்போதைக்கு ஒரு வெள்ளி அரைஞாண் கொண்டுபோங்கள், பில்லோடு.

நிறைய நகை போட்டுக்கொண்டு போவதாக இருந்தால், சென்னையில் கிளம்பும்போதே சுங்க அதிகாரியிடம் காட்டி ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். இல்லையென்றால் மே மாதம் திரும்பும்போது இது எங்கள் வீட்டுப் பழைய நகை என்று சென்னையில் நிரூபிக்க வேண்டிவரும். அதை எங்கே வாங்குவது என்று விமான நிலையத்துக்குப் போனதும் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். ஆக, புதுச்சேரியிலிருந்து கார் எடுக்கும் நேரத்தை இன்னும் ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வையுங்கள்.