அழிறப்பரை எடுத்து வையுங்கள்

கேள்வி: அக்கா, நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்தெடுக்கிறேன். கணவருக்குக் கொழும்பில் கடை வேலை. மூத்த மகள் தரம் 8. போன தவணை விஞ்ஞானத்துக்கு 43 புள்ளிதான். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் ஏன், எப்படி என்று நச்சரிப்பாள். ஒரு கொப்பி போட்டு, நாளைக்கு எவ்வளவு மழை பெய்யும் என்று தானே ஊகித்து எழுதி, மறுநாள் வாசல் சுவரில் வைத்த ஜாம் போத்தலில் அளந்து பார்ப்பாள். கொப்பியில் பாதிக்கு மேல் பிழை. டீச்சர் பார்ப்பாரே என்று பிழையானதையெல்லாம் அழித்துச் சரியானதை எழுத வைத்தேன். எழுதாமல் விட்ட இடங்களில் கோடும் போட்டுக் கொடுத்தேன். டீச்சரும் நல்ல கொப்பி என்றாராம். இப்போது என்னவோ அவளுக்கு விஞ்ஞானம் என்றாலே வெறுப்பு. அப்பாயி எறும்பைப் பார்த்து மழை வரும் என்று சொன்னால்கூட எரிந்து விழுகிறாள். ஹட்டனில் ஒரு ரியூஷன் வகுப்பைச் சொல்கிறார்கள். அனுப்பினால் பழைய ஆர்வம் திரும்புமா?

பதில்: தங்கச்சி, ரியூஷனைக் கடைசியில் பார்ப்போம். "பிழையானதையெல்லாம் அழித்துச் சரியானதை எழுத வைத்தேன்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். எழுதிவிட்டு, "இப்போது என்னவோ வெறுப்பு" என்றும் ஆச்சரியப்படுகிறீர்கள். இரண்டுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று உங்களுக்கு உண்மையாகவே விளங்கவில்லையா?

பிள்ளை இரவில் "நாளைக்கு 20 மில்லிமீற்றர்" என்று எழுதினாள். மறுநாள் போத்தலில் 6தான் இருந்தது. நீங்கள் அந்த 20ஐ அழித்து 6 என்று எழுத வைத்தீர்கள். இப்போது கொப்பியைத் திறக்கிற எவரும், இந்தப் பிள்ளை ஒரு நாள் தவறாமல் மழையைச் சரியாக முன்கூட்டிச் சொல்லியிருக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். இது பொய்க் கணக்கு. கொழுந்து மடுவத்தில் உங்கள் 18 கிலோவை யாராவது அழித்து 15 என்று எழுதினால் விட்டுவிடுவீர்களா? தராசுக்காரரிடம் சண்டைக்குப் போவீர்கள். மகளின் கணக்கில் மட்டும் கை வைக்க உங்களுக்கு யார் உரிமை தந்தது?

அதோடு முடியவில்லை. அந்தப் பொய்க் கொப்பிக்கு டீச்சரிடம் பாராட்டும் கிடைத்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அது எப்படி உறைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தான் உண்மையாகச் செய்தது வெட்கப்பட வேண்டியது, அம்மா சொல்லி எழுதியது பாராட்டப்பட வேண்டியது என்றாகிவிட்டது. அவள் கொப்பியை மூடியதில் எனக்கு ஆச்சரியமே இல்லை. மானமுள்ள பிள்ளை.

அந்தப் பிழைகள்தான் கொப்பியில் இருந்த விஞ்ஞானம். கெப்ளர் என்ற வானியலாளர் செவ்வாய்க் கோள் வட்டத்தில் சுற்றுகிறது என்று வைத்துப் பல வருடங்கள் கணக்குப் போட்டார். கணக்குக்கும் டைக்கோ பிராகே என்ற இன்னொரு வானியலாளர் வானத்தில் அளந்து வைத்திருந்த இடத்துக்கும் ஒரு சிறு வித்தியாசம் வந்தது. ஒரு பாகையை 60 பங்காக்கினால் அதில் 8 பங்கு, முழுநிலவின் அகலத்தில் ஏறக்குறையக் கால்வாசி. அதை அழித்துவிட்டுப் போயிருந்தால் யாரும் கண்டுபிடித்திருக்கப் போவதில்லை. அவர் அழிக்கவில்லை. அந்தப் பிழையைப் பிடித்துக்கொண்டே போய், செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்று 1609இல் வெளியிட்டார். டார்வின் தன் கருத்துக்கு எதிரான ஒரு செய்தி கண்ணில் பட்டால் அந்த இடத்திலேயே குறித்துவைப்பார். தனக்குச் சாதகமானதைவிட இதுதான் சீக்கிரம் மறந்துபோகும் என்று அவர் தன்னைப் பற்றித் தெரிந்து வைத்திருந்தார். உங்கள் மகள் யாரும் சொல்லாமலே அந்த வழக்கத்துக்கு வந்திருந்தாள்.

இன்னொன்றும் சொல்கிறேன், கேளுங்கள். நீங்கள் "சரி" என்று எழுத வைத்த அந்த 6உம் சரியில்லை. ஜாம் போத்தலுக்கு வாய் ஒடுங்கல், வயிறு அகலம். மழை விழுவது வாய் வழியாக, தண்ணீர் நிற்பது வயிற்றில். வாயின் உள் விட்டம் 6 சென்ரிமீற்றர், வயிற்றின் உள் விட்டம் 7 என்றால், பரப்பளவு 36க்கு 49 என்ற விகிதத்தில் இருக்கும். அடிமட்டத்தை விட்டு உயரம் பார்த்தால் உண்மையான மழையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துபோகும். 6 என்று கண்டது உண்மையில் 8. பாடசாலை அடிமட்டத்தில் இன்னொரு கோளாறு உண்டு. பூச்சியம் நுனியில் தொடங்காது, சில மில்லிமீற்றர் உள்ளே தள்ளித்தான் தொடங்கும். அதை அப்படியே தண்ணீரில் விட்டால் அந்த அளவும் குறையும். போத்தலின் அடி மேடுபள்ளமாக இருப்பது வேறு.

போத்தலை எறிய வேண்டாம். உயரம் பார்ப்பதை நிறுத்தி, கனவளவு பார்க்கச் சொல்லுங்கள். பாமசியில் ஊசி இல்லாத 10 மில்லிலீற்றர் சிரிஞ்ச் ஒன்று வாங்குங்கள். வாயின் உள் விட்டம் 6 சென்ரிமீற்றர் என்றால் பரப்பு 28.3 சதுர சென்ரிமீற்றர், அதாவது 2.8 மில்லிலீற்றர் தண்ணீர் ஒரு மில்லிமீற்றர் மழைக்குச் சமம். போத்தலில் 28 மில்லிலீற்றர் இருந்தால் 10 மில்லிமீற்றர் மழை. வயிறு எப்படி இருந்தாலும் கவலையில்லை, வாயின் அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும். வாய் நசுங்கி வட்டமில்லாமல் போன பேணி என்றால் இந்தக் கணக்கு உதவாது.

வாசல் சுவரும் சரியான இடமில்லை. தகரத்தில் விழுந்து தெறிக்கிற தண்ணீர் போத்தலுக்குள் போகும். காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் கூரை மழையை மறைத்தும் விடும். கூரை 3 மீற்றர் உயரம் என்றால் குறைந்தது 6 மீற்றர் தள்ளி வைக்க வேண்டும். லயத்து வாசலில் அவ்வளவு இடம் கிடைக்காது, மரக்கறிப் பாத்தியில் ஒரு கம்பு நட்டு, போத்தலை இறுக்கிக் கட்டுங்கள். வாய் கம்பின் நுனிக்கு மேலே நிற்கட்டும். வானிலை நிலையங்களில் காலை 8.30க்கு அளப்பார்கள். உங்கள் மகள் அந்நேரம் வகுப்பில் இருப்பாள். 6.30 என்றால் 6.30, தினமும் அதே நேரம். தோட்டத்து ஒபீசில் மழைக் கணக்கு வைத்திருந்தால் கிளாக்கரிடம் கேட்டு ஒரு மாதத்துக்கு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அங்குலத்தில் எழுதியிருந்தால் 25.4ஆல் பெருக்க வேண்டும். அங்கொரு நாள் இங்கொரு நாள் கூடக்குறைய வந்தால் பரவாயில்லை. ஒவ்வொரு நாளும் ஒரே பக்கமாகக் குறைந்தால் அளக்கிற முறையில் கோளாறு.

பழைய கொப்பிக்கு வருவோம். இன்றைக்கு வேலை முடிந்து வந்ததும் மகளை உட்கார வைத்து, "நான் செய்தது பிழை" என்று சொல்லுங்கள். சுற்றிவளைக்க வேண்டாம். பிறகு அழித்த பக்கங்களை இருட்டில் விரித்து, டோர்ச்சைப் பக்கவாட்டில் தாழ்த்தி அடியுங்கள். பென்சில் அழுத்திய தடம் பள்ளமாகத் தெரியும். வாசிக்க முடிந்ததை மட்டும், புதிய ஒரு நிரலில், "தடத்தைப் பார்த்து மீட்டது" என்ற தலைப்பின் கீழ் எழுதட்டும். தெரியாததை ஞாபகத்திலிருந்து நிரப்பக் கூடாது. பழைய அளவுகளும் அப்படித்தான். போத்தலின் கணக்குப்படி, 49ஐ 36ஆல் வகுத்து வரும் 1.36ஆல் பெருக்கி இன்னொரு நிரலில் எழுதலாம், பழைய எண் அது இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும். இனிமேல் பென்சில் வேண்டாம், பேனா. பிழை வந்தால் வாசிக்கக்கூடியதாக ஒரே ஒரு கோடு, பக்கத்தில் புதிய எண், திகதி.

நீங்கள் போட்ட கோடுகளும் ஒரு சேதம்தான். பார்த்தேன், மழை இல்லை என்றால் 0. பார்க்கவில்லை என்றால் "பார்க்கவில்லை" என்று எழுத வேண்டும். இரண்டுக்கும் ஒரே கோட்டைப் போட்டுவிட்டீர்கள். இனி அந்த நாட்களில் மழை இல்லையா, பிள்ளைக்குக் காய்ச்சலா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு நாள் தவறி இரண்டு நாள் தண்ணீர் சேர்ந்திருந்தால் "இரண்டு நாளுக்கு" என்று எழுத வேண்டும், பாதியாகப் பிரித்துப் போடக் கூடாது.

புதுக் கொப்பியில் ஊகத்துக்கும் அளவுக்கும் நடுவில் இரண்டு நிரல் கூட்டச் சொல்லுங்கள். "ஏன் அப்படி நினைக்கிறேன்" என்பது ஒன்று. "பத்துக்கு எத்தனை நிச்சயம்" என்பது மற்றது. ஒரு தவணை போனபின் "எட்டு" என்று எழுதிய நாட்களை மட்டும் பொறுக்கி எடுக்கட்டும். அவள் தன்னைச் சரியாக அறிந்தவள் என்றால் பத்து நாளில் எட்டு நாள் பலித்திருக்கும். ஐந்துதான் பலித்தது என்றால் அவளுடைய நிச்சயம் வாய்ப்பேச்சு. பெரியவர்களிலேயே பலருக்குத் தங்கள் நிச்சயத்தின் பெறுமதி தெரியாது. ஒரு பிள்ளைக்கு அது எண்ணாகத் தெரிந்தால், பெரிய விஞ்ஞானி ஆகாவிட்டாலும் யாரும் அவளை ஏமாற்ற முடியாது. கூடவே, யோசிக்கவே யோசிக்காத ஒரு ஊகக்காரரையும் சேர்த்துக்கொள்ளட்டும். "நாளையும் இன்றைப் போலவே" என்பதுதான் அவருடைய ஊகம், ஒவ்வொரு நாளும். மகள் அவரை வெல்ல முடியாவிட்டால் அவளுடைய காரணங்களை மாற்ற வேண்டும்.

அப்பாயியிடம் எரிந்து விழுவது மகளின் குற்றம், அதை நான் மன்னிக்க மாட்டேன். மூத்தவர் ஒன்று சொன்னால் சிரிப்பதும் விஞ்ஞானம் இல்லை, தலையாட்டுவதும் விஞ்ஞானம் இல்லை. சோதித்துப் பார்க்க வேண்டும். தினமும் மாலை 6 மணிக்கு அப்பாயியும் அவளும் சேர்ந்து பார்க்கட்டும்: எறும்பு முட்டை தூக்குகிறதா இல்லையா. காலையில் 1 மில்லிமீற்றருக்குக் குறையாமல் இருந்தால்தான் மழை என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு நாலு பெட்டி. எறும்பும் மழையும், எறும்பு உண்டு மழை இல்லை, எறும்பு இல்லை மழை உண்டு, இரண்டும் இல்லை. மனுசருக்கு முதல் பெட்டி மட்டும்தான் ஞாபகம் நிற்கும். உங்கள் பக்கம் தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஆனி ஆடியில், மழை விடாது. அப்போது நாய் குரைத்தால் மழை என்று சொன்னாலும் பலிக்கும். எறும்பு வந்த 20 நாளில் 18 நாள் மழை, வராத 30 நாளில் 27 நாள் மழை என்று வந்தால், இரண்டும் பத்துக்கு ஒன்பதுதான். எறும்பு எதையும் சொல்லவில்லை. அதனால் மாசி பங்குனி வறட்சியையும் சேர்த்துப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. தீர்ப்பு எப்படி வந்தாலும் அதை அப்பாயிக்கு முதலில் சொல்ல வேண்டும், மரியாதையாக.

இதை விளையாட்டு என்று நினைக்காதீர்கள். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனது உங்களுக்குத் தெரியும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவுக்கு வைத்திருக்கும் கணக்கில், 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும், 100 தாண்டினால் வெளியேறத் தயாராக வேண்டும், 150 தாண்டினால் வெளியேறிவிட வேண்டும். உங்கள் ஜாம் போத்தலில் உயரம் பார்த்தால் 100 மில்லிமீற்றர் மழை வெறும் 73 என்று காட்டும். முதல் எல்லையைக்கூடத் தொடாது. கொப்பியை அழகாக்கப் போய், இப்படியான ஒரு பிழையைக் கண்டுபிடிக்கிற வழியையே அடைத்தீர்கள். பெரிய மழை நாளில் போத்தலைப் பார்க்கிறேன் என்று மகள் வெளியே போகவும் கூடாது. நிலத்தில் வெடிப்பு, ஊற்றுத் தண்ணீர் திடீரென்று கலங்குவது, மரம் சாய்வது, இவற்றில் ஒன்றைக் கண்டாலும் எண்ணுக்குக் காத்திராமல் பிள்ளைகளோடு கிளம்புங்கள்.

நீங்களும் ஒரு நிரல் எழுத வேண்டும். "அம்மாவின் ஊகம்", பேனாவில், மகள் பார்க்க. மலையில் நின்று வானத்தைப் பார்க்கிறவர் நீங்கள், உங்களுக்குத் தெரிந்தது பாடப் புத்தகத்தில் இருக்காது. பிழைத்தால் பிழைத்ததுதான், அழிக்காதீர்கள். பெற்றவள் தன் பிழையை ஒத்துக்கொள்வதை வீட்டில் பார்க்க வேண்டியது பிள்ளையின் உரிமை, காட்ட வேண்டியது உங்கள் கடமை. கொழும்பில் இருக்கிற தகப்பனுக்கும் கடமை உண்டு. இரவு கோல் எடுத்தால் "எத்தனை புள்ளி" என்று தொடங்குவதை விட்டு, "நாளைக்கு என்ன எழுதியிருக்கிறாய், ஏன்" என்று கேட்கட்டும்.

43 புள்ளிக்கு ரியூஷன் வேண்டுமா என்று கேட்டீர்கள். அடுத்த தவணை வரைக்கும் வேண்டாம். விடைத்தாளை வாங்கி, புள்ளி போன கேள்விகளை மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: பாடம் தெரியவில்லை, கேள்வி விளங்கவில்லை, தெரிந்தும் அவசரத்தில் விட்டது. முதல் குவியல் பெரிதாக இருந்தால் மட்டும், அந்த அலகுகளுக்கு மட்டும், யாரிடமாவது படிக்கட்டும். மற்ற இரண்டுக்கும் ஹட்டன் பஸ்ஸில் ஏறிப் பயனில்லை. டீச்சரிடமும் ஒருமுறை போக வேண்டியிருக்கிறது. அழித்த கொப்பியையும் கையில் கொண்டு போங்கள். அந்த எண்களை அழிக்கச் சொன்னது நான்தான் என்று மகளை வைத்துக்கொண்டே அவரிடம் சொல்லுங்கள்.