பனி விழாத ஊரிலிருந்து ஒரு தங்கம்

கேள்வி: 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் பெண்கள் ஐஸ் ஸ்கேட்டிங் 500 மீட்டரில் பதக்கம் வாங்கியவர்களைப் பற்றிப் போன இதழில் ஒரு பக்கம் எழுதியிருந்தீர்கள். பனி நாட்டுக்காரர்களின் விளையாட்டு நமக்கு எதற்கு? ஊட்டியில் எவ்வளவு உறைபனி விழுந்தாலும் ஏரியில் யாரும் சறுக்கப் போவதில்லை. அதைப் படித்துவிட்டு என் மகள் ரோலர் ஸ்கேட்டிங் வகுப்பை விடமாட்டேன் என்று அடம்பிடித்தாள். ஒன்பதாம் வகுப்பு வருகிறது, நிறுத்திவிட்டேன். சரிதானே?
– ஒரு தந்தை, கோத்தகிரி

பதில்: சரியில்லை ஐயா. அந்தப் பக்கத்தை உங்கள் மகள் கடைசி வரி வரை படித்திருக்கிறாள். நீங்கள் படித்திருந்தால் இப்படிக் கேட்டிருக்க மாட்டீர்கள்.

தங்கம் வாங்கிய எரின் ஜாக்சன் அமெரிக்கர். ஆனால் வளர்ந்தது ஃபுளோரிடாவில், ஒகாலா என்ற ஊரில். மேட்டுப்பாளையத்துக்காரருக்கு அந்த ஊர்ப் புழுக்கம் புதிதாகத் தெரியாது. உங்கள் மகளைப் போலவே சக்கரம் கட்டி ஓடிப் பழகியவர் அவர். ஐஸ் பக்கம் முழுமூச்சாக வந்தது 2017-ல்தான். 2018 ஒலிம்பிக்கில் 24-ஆவது இடம். அடுத்த ஒலிம்பிக்கில் 37.04 விநாடியில் தங்கம். வெள்ளி வாங்கிய ஜப்பானின் மிஹோ தகாகி 37.12, வெண்கலம் வாங்கிய ரஷ்ய வீராங்கனை அங்கெலினா கோலிகோவா 37.21. முதல் இடத்துக்கும் மூன்றாம் இடத்துக்கும் நடுவே ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்குகூட முழுதாக இல்லை என்று சொல்லலாம்.

இன்னொன்றும் எழுதியிருந்தோம். அமெரிக்க அணித் தேர்வில் ஜாக்சன் கால் இடறி மூன்றாவதாக வந்தார், வாய்ப்பு போய்விட்டது. ஜெயித்த பிரிட்டனி போ, தான் ஓடவேண்டிய இடத்தைத் தோழிக்கு விட்டுக்கொடுத்தார். அப்புறம் அமெரிக்காவுக்குக் கூடுதலாக ஓர் இடம் கிடைத்து அவரும் 500 மீட்டரில் ஓடினார் என்றாலும், கொடுத்தபோது அது அவருக்குத் தெரியாது. எனக்கு அந்தத் தங்கத்தைவிட இதுதான் பெரிதாகப் படுகிறது.

உறைபனிக்கு வருவோம். ஊட்டிப் பக்கம் தலைக்குந்தாவில் விடிகாலையில் புல்மேல் வெள்ளையாகப் படிவது ஒன்பது மணி வெயிலுக்கு நிற்காது. அதனால் தேயிலைக் கொழுந்து கருகும், அவ்வளவுதான். பெய்ஜிங்கில் அவர்கள் ஓடியதும் வானம் கொடுத்த பனியில் அல்ல. கூரைபோட்ட அரங்கில், தரைக்கு அடியில் குழாய் பதித்துக் குளிரூட்டி உறையவைத்த தளம் அது. குளிர்ந்த ஊரில் பிறந்தால்தான் ஐஸில் ஓடலாம் என்ற கணக்கு எப்போதோ தப்பாகிவிட்டது.

தரையைத் தாழக் குனிந்து, காலைப் பக்கவாட்டில் உந்தி, வளைவில் ஒரு காலுக்கு மேல் மறுகாலைத் தாண்டிவைத்து ஓடுவது சக்கரத்துக்கும் ஐஸுக்கும் ஏறக்குறைய ஒன்றே. உங்கள் மகள் கற்றுக்கொண்டிருந்தது அதைத்தான். ஐஸ் வேண்டாம் என்றாலும் சக்கரமே போதும்: சென்னையின் ஆனந்த்குமார் வேல்குமார் 2025-ல் சீனாவில் நடந்த உலக ஸ்பீடு ஸ்கேட்டிங் சாம்பியன்ஷிப்பில் 1000 மீட்டரில் தங்கம் வாங்கினார். 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் ரோலர் ஸ்கேட்டிங் தொடர் ஓட்டத்தில் நம் ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் வெண்கலம் வாங்கின. இவர்கள் யாரும் பனி நாட்டில் பிறந்தவர்கள் இல்லை.

மலையில் சமதளம் கிடைப்பது கஷ்டம், தெரியும். கோத்தகிரி இறக்கத்தில், வண்டி வரும் ரோட்டில் அவள் ஓடுகிறாள் என்று நீங்கள் எழுதியிருந்தால் நானே நிறுத்தச் சொல்லியிருப்பேன். அப்படி எழுதவில்லை. படிப்பில் பின்தங்கிவிட்டாள் என்றும் எழுதவில்லை. ஒன்பதாம் வகுப்பு வருகிறது என்பது மட்டும்தான் காரணம். அது எல்லாப் பிள்ளைக்கும் வருகிறது ஐயா.

வகுப்புக்குத் திரும்ப அனுப்புங்கள். ஹெல்மெட், முட்டிக் கவசம் இல்லாமல் அனுப்பாதீர்கள். நிறுத்திச் சில மாதம் ஆகியிருந்தால் கால் வளர்ந்திருக்கும். பழைய ஸ்கேட் ஷூ விரலைக் கடிக்கிறதா என்று முதலில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.