ஆச்சியைக் கேளுங்கள்: அகலக்கால் வைக்கும் முன்

விடுமுறைக்கு ஊருக்கு வந்த பிள்ளைகள் எல்லாரும் இந்த முறை ஒரே விஷயத்தைத்தான் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். மாறி மாறி டர்ன் எடுத்து ஆடும் ராஜ்ய விளையாட்டுகளில் எப்போது ஊர் பெருக்குவது, எப்போது படை எடுப்பது? வருமான வரிக் கேள்விகள் அனுப்பியவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

*கேள்வி: ஆச்சி, பாலிடோபியாவில் நண்பர்கள் நான்கு பேர் ஆடுகிறோம். கிராமங்களை முதலில் பிடிப்பது எப்போதும் நான்தான். ஆனால் பாதி ஆட்டத்தில் பார்த்தால் பக்கத்து நாட்டுக்காரன் மூன்றே நகரத்தை வைத்துக்கொண்டு கேடபல்ட் என்ற கல்லெறி பொறியோடு வந்து நிற்கிறான். என்னிடம் வெறும் வாரியர், அதாவது சாதாரணக் காலாள்தான். எங்கே கோட்டை விடுகிறேன்?*
— கல்லூரி மாணவர், காரைக்குடி

பதில்: கோட்டையை நன்றாகத்தான் பிடிக்கிறாய் தம்பி, விலைப்பட்டியலைத்தான் பார்க்கவில்லை. பாலிடோபியாவில் ஒரு டெக்கின், அதாவது புதுத் தொழில்நுட்பத்தின், விலை உன் நகரங்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. டெக்கின் நிலையை நகர எண்ணிக்கையால் பெருக்கி 4 கூட்டிக்கொள். ஒரே நகரம் இருக்கும்போது முதல் நிலை டெக் 5 நட்சத்திரம் (அதுதான் அந்த ஆட்டத்தின் காசு), மூன்றாம் நிலை டெக் 7. ஐந்து நகரம் ஆனதும் அவை 9, 19 என்று நிற்கும். கேடபல்ட் தரும் கணித டெக் மூன்றாம் நிலையில் இருக்கிறது. மூன்று நகரக்காரன் அதை 13க்கு வாங்குவான், ஆறு நகரம் வைத்திருக்கும் நீ 22 கொடுக்க வேண்டும். புதிதாகப் பிடித்த கிராமமோ டர்னுக்கு ஒரு நட்சத்திரம்தான் தரும். அது வளர்ந்தால்தான் லாபம்.

அதற்காகக் கிராமம் பிடிக்காதே என்று சொல்லவில்லை. பிடிக்காவிட்டால் அவன் பிடிப்பான். ஆனால் வரிசை முக்கியம். கிராமத்தின் மேல் போய் நின்றால் அடுத்த டர்னில்தான் அது உன் கைக்கு வரும், இல்லையா? அந்த டர்ன் வந்ததும் முதலில் டெக் வாங்கு, அப்புறம் கிராமத்தைப் பிடி. வரிசையை மாற்றினால் அதே டெக்குக்கு ஒன்றோ இரண்டோ மூன்றோ நட்சத்திரம் கூடுதலாக அழுவாய். ஆட்டம் முழுக்கச் சேர்த்துப் பார், ஒரு படையே கிடைக்கும்.

இரண்டாவது, பிடித்த ஊரைப் பட்டினி போடாதே. இரண்டாம் நிலைக்கு வளர்ந்ததும் பட்டறை கேட்கும், கொடு. அது டர்னுக்கு ஒன்று கூடுதலாகத் தரும். மூன்றாம் நிலையில் மதிலா, 5 நட்சத்திரமா என்று கேட்கும். எல்லையில் இருக்கும் ஊருக்கு மதில், உள்ளே இருக்கும் ஊருக்கு நட்சத்திரம். நிறையப் பேர் எல்லா ஊருக்கும் மதில் கட்டிவிட்டு, யாரும் எட்டிப் பார்க்காத மூலையைக் காவல் காக்கிறார்கள்.

கேடபல்ட்டுக்குப் பயப்படவே வேண்டாம். அதன் விலை 8, தற்காப்பு பூஜ்யம். மூன்று கட்டம் தள்ளி நின்று அடிக்கும், ஆனால் நீ அடித்தால் அதனால் திருப்பி அடிக்க முடியாது. குதிரை வீரன் ஒருவன் அடித்தால் அதன் 10 உயிரில் 9 போய்விடும். இன்னொருவன் அடித்தால் முடிந்தது. இரண்டு குதிரைக்கும் சேர்த்து 6 நட்சத்திரம்தான். ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு அந்த மிச்ச 1 உயிரைப் பார்த்துக்கொண்டு நிற்காதே, ஜோடியாகவே அனுப்பு.

*கேள்வி: உண்மையிலேயே நீங்கள் விளையாடுகிறீர்களா, இல்லை பேரன் சொல்வதை எழுதுகிறீர்களா?*
— பெயர் வேண்டாம் என்றவர், கோட்டையூர்

பதில்: பேரன் என்னிடம் கடைசியாகத் தோற்றதிலிருந்து பேசுவதில்லை.

*கேள்வி: சிவிலைசேஷன் 6இல் என் சித்தப்பா மகன் நாட்டில் ஒரு நகரத்தைக் கஷ்டப்பட்டுப் பிடித்தேன். சில டர்னுக்குள் அது கலகம் செய்து தனி ஊராகிவிட்டது, மறுபடி அவனிடமே போய்ச் சேர்ந்தது. இது என்ன நியாயம்?*
— வாசகர், தேவகோட்டை

பதில்: பங்காளிச் சண்டையில் நியாயம் கேட்டு என்ன ஆகப்போகிறது? கணக்கைப் பார்ப்போம். 2018இல் வந்த 'ரைஸ் அண்ட் ஃபால்' சேர்க்கையோடு விசுவாசம் என்று ஒன்று நுழைந்தது. ஒவ்வொரு நகரத்தின் மக்களும் ஒன்பது கட்டம் வரை சுற்றியிருக்கும் ஊர்களைத் தங்கள் நாட்டுப் பக்கம் இழுப்பார்கள். பக்கத்தில் இருந்தால் இழுப்பு அதிகம், தள்ளிப் போகப் போகக் குறையும். நீங்கள் பிடித்தது எல்லையோரச் சின்ன ஊராக இருக்கும். அதைச் சுற்றி அவருடைய பெரிய ஊர்கள் அப்படியே இருக்கின்றன, உங்கள் ஊர்களோ தூரத்தில். அது எப்படி உங்களோடு இருக்கும்?

அடுத்த முறை சின்ன ஊரை விட்டுவிட்டு, இழுக்கிற பெரிய ஊரை முதலில் பிடியுங்கள். அதை விழ வைத்தால் சின்னவை தானாகத் தள்ளாடும். அதற்குப் படை போதாது என்றால் அடுத்தடுத்த இரண்டு ஊர்களையாவது ஒன்றிரண்டு டர்ன் இடைவெளியில் பிடிக்கிற மாதிரி திட்டம் போடுங்கள். அவை ஒன்றையொன்று தாங்கும். பிடித்த அன்றே ஆளுநர் ஒருவரை அனுப்புங்கள், டர்னுக்கு 8 விசுவாசம் கூடும். படையை உள்ளேயே நிறுத்துங்கள், சோறு குறையாமல் பாருங்கள். பசித்த ஊர் இன்னும் வேகமாக நழுவும். இதில் எதற்குமே வழியில்லை என்றால் அந்த ஊரைப் பிடிக்காமல் சுற்றியிருக்கும் வயலையும் சுரங்கத்தையும் கொள்ளையடித்துவிட்டுத் திரும்புங்கள். கொள்ளைக்குப் பலனும் கிடைக்கும், அவருடைய விளைச்சலும் படுக்கும்.

இதை நம் செட்டிநாட்டு ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதே இல்லை. பர்மாவுக்கு நிலம் பிடிக்கவா போனார்கள்? வட்டிக்குக் கொடுக்கப் போனார்கள். 1930களில் நெல் விலை விழுந்தது, கடன் வாங்கியவர்களால் கட்ட முடியவில்லை, பணத்துக்குப் பதில் நிலம் வந்து சேர்ந்தது. கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதம் போல இருந்த செட்டியார் நிலம், அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கால்வாசி ஆகிவிட்டது. வரைபடத்தில் பார்த்தால் பிரமாதமான விரிவாக்கம். உண்மையில் கையிலிருந்த ரொக்கம் மண்ணாகிவிட்டது, சுற்றியிருந்த ஜனங்களுக்கோ கோபம். 1942இல் ஜப்பான் படை வந்தது. 1948இல் பர்மா சுதந்திரம் அடைந்த கையோடு நிலத்தை அரசுடைமையாக்கும் சட்டம் வந்தது. எங்கள் வீட்டுப் பெட்டகத்தில் அந்தப் பத்திரங்கள் இன்னும் கிடக்கின்றன. உங்கள் வீட்டிலும் இருக்கும், தேடிப் பாருங்கள்.

*கேள்வி: சிவ் 6இல் எந்த டர்னில் தாக்கினால் சரியாக இருக்கும்?*
— பள்ளி மாணவி, பொன்னமராவதி

பதில்: டர்ன் எண்ணைச் சொன்னால் அதை எதிராளியும் படித்துவிடுவாரே பாப்பா! எண்ணைப் பார்க்காதே, உன் ஆயுதம் அவருடையதைவிட ஒரு படி மேலே நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தைப் பார். ஒரு வழி சொல்கிறேன். மலிவான வாரியர்களை முன்கூட்டியே சேர்த்து வை. இரும்பு கிடைக்கும் இடத்தில் ஊர் இருக்கட்டும். பொன்னைச் செலவழிக்காமல் வை. இரும்பு டெக் முடியும் நேரத்தில், தரம் உயர்த்தும் செலவைப் பாதியாக்கும் தொழில்முறைப் படைக் கொள்கைச் சீட்டைப் போடு. கையிலிருக்கும் இரும்பு தாங்குகிற அளவுக்கு வாரியர்களை ஒரே மூச்சில் வாள் வீரர்களாக மாற்று. வலிமை 20லிருந்து 35க்குப் போகும், எதிராளி புதுப்படை தயாரிக்க நேரம் இருக்காது. கூடவே மதில் இடிக்கும் வண்டி (பேட்டரிங் ராம்) ஒன்று போகட்டும்; அது இல்லாவிட்டால் வாள் வீரன் அடித்தும் மதிலில் கீறல்தான் விழும். ஊரைச் சுற்றி எல்லாப் பக்கமும் வளைத்து நின்றால் அது காயம் ஆற்றிக்கொள்ளவும் முடியாது.

ஒன்றை மட்டும் மறக்காதே. நான்கு பேர் ஆட்டத்தில் உன் பின்னால் இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். நீங்கள் இருவரும் அடித்துக்கொள்ளும் அத்தனை டர்னிலும் அவர்கள் புது ஊர் அமைக்கும் செட்லர்களை அனுப்பிக்கொண்டிருப்பார்கள். எட்டு பத்து டர்னில் முடியாது என்று தோன்றினால் சமாதானம் பேசிவிட்டு வா. வெட்கப்பட ஒன்றுமில்லை.

*கேள்வி: 60வது டர்ன் வரை தாக்குவதில்லை என்று அத்தை மகனோடு வாட்ஸ்அப்பில் ஒப்பந்தம். சரியாக 60வது டர்னில் தாக்கிவிட்டான். கேட்டால் "வரை என்றால் 60 வந்துவிட்டதே" என்கிறான்.*
— வாசகர், கானாடுகாத்தான்

பதில்: அத்தை மகன் வக்கீலுக்குப் படிக்கிறாரோ? இனி "60வது டர்ன் முடியும் வரை" என்று எழுதுங்கள். முறிப்பதானால் எத்தனை டர்னுக்கு முன் சொல்ல வேண்டும், மற்றவர் எல்லைக்குப் பக்கத்தில் எத்தனை கட்டத்துக்குள் படை நிற்கக் கூடாது, மூன்றாமவர் தாக்கினால் உதவிக்கு வருவாரா, சும்மா இருப்பாரா என்பதையும் சேர்த்து எழுதுங்கள். சும்மா இருப்பதும் பெரிய உதவிதான்; அந்த எல்லையில் நிற்கும் படையை இன்னொரு பக்கம் நகர்த்தலாம். ஒப்பந்தத்தின் முழு மதிப்பே அங்கேதான் இருக்கிறது.

வாய்ப்பேச்சை நம்ப முடியாத உறவு என்றால் ஆட்டமே போடும் பூட்டைப் பயன்படுத்துங்கள். சிவ் 6இல் நட்பு அறிவித்தால் வழக்கமான வேகத்தில் 30 டர்ன் போர் அறிவிக்க முடியாது. சமாதானம் செய்தாலும் 10 டர்ன் கட்டாய அமைதி. அப்புறம், கடைசி ஐந்து டர்னில் எப்போதும் எல்லையில் ஆள் வையுங்கள். ஒப்பந்தம் முடிகிற நாள் உங்களுக்குத் தெரிந்த மாதிரி அவருக்கும் தெரியும்.

*கேள்வி: சிவ் 7இல் சோழர் இருக்கிறார்களாமே, அவர்களையே எடுக்கலாமா?*
— வாசகி, திருப்பத்தூர்

பதில்: இருக்கிறார்கள், ஆனால் 2025இல் ஆட்டம் வந்தபோது மூன்று யுகங்களில் இரண்டாவதில்தான் வந்தார்கள். கடற்கரையில் துறைமுக ஊர்கள் வாய்த்திருந்தால் எடுங்கள். நடுநிலத்தில் மாட்டிக்கொண்டு பாசத்துக்காக எடுக்காதீர்கள்.

*கேள்வி: நாங்கள் சிங்கப்பூர், சென்னை, ஊர் என்று மூன்று இடத்திலிருந்து சிவ் 6 ஆடுகிறோம். எல்லாரும் ஒரே நேரத்தில் நகர்த்தும் ஆட்டம். ஊரிலிருக்கும் மைத்துனர் நேரம் முடியும் கடைசி நொடியில் அடிக்கிறார், புது டர்ன் தொடங்கிய உடனே மறுபடி அடிக்கிறார். என் படை பதில் அடி கொடுக்காமலே சாகிறது. அவரோ, வைஃபை மெதுவாக இருப்பதால் அப்படி ஆகிறது என்கிறார்.*
— வாசகர், சிங்கப்பூர் (சொந்த ஊர் பள்ளத்தூர்)

பதில்: இரட்டை அடி பழைய தந்திரம், வைஃபை பழைய சாக்கு. ஆட்ட விதிப்படி அது தப்பில்லை, ஆனால் நிதானமாக ஆடும் குழுக்கள் இதை அனுமதிப்பதில்லை. போர் அறிவித்தவுடன் டர்ன் நேரத்தை இரண்டாகப் பிரித்து முதல் பாதி ஒருவருக்கு, மறு பாதி மற்றவருக்கு என்று பேசிக்கொள்ளுங்கள். போர் முடியும் வரை அந்த வரிசை மாறக் கூடாது. பேசி முடியாது என்றால் ஆட்டம் தொடங்கும்போதே டைனமிக் டர்ன் முறையைத் தேர்ந்தெடுங்கள். அமைதியில் எல்லாரும் சேர்ந்து நகர்த்துவார்கள், போரில் இருப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராக. இரண்டரை மணி நேர வித்தியாசம் வேறு இருக்கிறது, இங்கே இரவு எட்டரை என்றால் உங்களுக்குப் பதினொன்று. கிளவுட் முறைக்கு மாறினால் அவரவர் வசதிக்கு ஆடலாம், தூக்கமும் கெடாது.

மைத்துனர் சொல்வதில் பாதி உண்மைதான். நம் செட்டிநாட்டு வீட்டு முகப்பில் ரவுட்டர் வைத்தால் அந்தத் தடித்த சுவர்களைத் தாண்டி இரண்டாம் கட்டுக்கு எந்த வைஃபையும் வராது. வளவின் நடுவில் வைக்கச் சொல்லுங்கள், திறந்த முற்றம் வழியாக ஓரளவு பரவும். சுவரில் துளை போட்டுக் கேபிள் இழுக்கலாம் என்று அவர் சொன்னால் பெரியவர்கள் விட மாட்டார்கள், நானும் அவர்கள் கட்சிதான். நிலைக்கதவின் ஓரமாக இழுத்துக்கொள்ளட்டும்.