பின்ட்டர் படித்த பள்ளி

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கில நாடகாசிரியர் ஹெரால்ட் பின்ட்டர் படித்த, லண்டனின் ஹாக்னி டவுன்ஸ் பள்ளி 1995-இல் மூடப்பட்டது என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள். நோபல் பரிசு பெற்றவரின் பள்ளிக்கு என்ன ஆனது? நுழைவுத் தேர்வைக் கைவிட்டதும் தரம் போய்விட்டது என்கிறார் என் நண்பர். இப்போது அங்கே ஏதாவது மிச்சம் உண்டா?

ரா.

அன்புள்ள ரா.,

உங்கள் நண்பர் சொல்வது பாதிக் கதை.

லண்டன் மளிகை வணிகர் சங்கம் 1876-இல் தொடங்கிய ஆண்கள் பள்ளி அது. 1906-இல் நகர உள்ளாட்சியான லண்டன் கவுண்டி கவுன்சிலிடம் போனது. பின்ட்டர் 1944-இல் சேர்ந்தபோது அங்கே யூதக் குடும்பத்துப் பையன்கள் நிறைய. அவரும் அப்படியொரு குடும்பம்தான், அப்பா தையற்காரர். ஜோசப் பிரியர்லி என்ற ஆங்கில ஆசிரியர் அவரை மெக்பெத்தாக மேடையேற்றினார். அந்த வாத்தியார் இல்லையென்றால் பின்ட்டரே இல்லை என்பது என் கட்சி.

பின்னாளில் நுழைவுத் தேர்வு போய், எல்லோரையும் சேர்க்கும் காம்ப்ரிஹென்சிவ் பள்ளி ஆனது. பெயரளவில்தான் எல்லோரும். வசதியும் விவரமும் உள்ள பெற்றோர் வேறு பள்ளி பார்த்துக்கொண்டார்கள். 1988-ஆம் ஆண்டுச் சட்டம் பெற்றோருக்குப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கொடுத்ததோடு, மாணவர் தலையை எண்ணிப் பணம் தரும் முறையையும் கொண்டுவந்தது. காலியான இடங்களில் மற்ற பள்ளிகள் வெளியே அனுப்பிய பையன்கள் வந்து சேர்ந்தார்கள். 1990-இல், அதுவரை பள்ளியை நடத்திவந்த உள்லண்டன் கல்வி ஆணையம் கலைக்கப்பட, பள்ளி ஹாக்னி வட்டார உள்ளாட்சியான ஹாக்னி கவுன்சிலின் தலையில் விழுந்தது. கவுன்சில் முதலில் மூடுவோம் என்றது, 1995-இல் வேண்டாம் என்று மனம் மாறியது. உடனே அரசு, 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பள்ளியைத் தொடர்வதா மூடுவதா என்று பார்க்க ஒரு குழுவை அனுப்பியது. அக்டோபரில் அறிக்கை, டிசம்பரில் பூட்டு. அந்தச் சட்ட அதிகாரம் வேறெந்தப் பள்ளி மீதும் பாயவில்லை.

பிரிட்டனின் மிக மோசமான பள்ளி என்று பத்திரிகைகள் எழுதின. மிஞ்சியிருந்தவர்கள் சுமார் 200 பேர். தலைக்கு ஆகும் செலவு அதிகம் என்பதும் மூட ஒரு காரணமாம். ஆளில்லாத பள்ளியில் கூடாமல் என்ன செய்யும்? பொதுத்தேர்வு எழுதவேண்டிய பையன்களையும் கல்வியாண்டின் நடுவிலேயே ஹோமர்ட்டன் ஹவுஸ் பள்ளிக்கு மாற்றினார்கள். எனக்கு ஆறாத விஷயம் அதுதான்.

அதே இடத்தில் 2004-இல் மாஸ்பர்ன் அகாடமி வந்தது. ரிச்சர்ட் ராஜர்ஸ் நிறுவனம் வடிவமைத்த கட்டடம். தலைமையாசிரியர் மைக்கேல் வில்ஷா. அவர் பிற்பாடு இங்கிலாந்தின் தலைமைப் பள்ளி ஆய்வாளரே ஆனார். தேர்ச்சி அபாரம். ஹாக்னிப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாது என்ற பேச்சு அதோடு அடங்கியது. ஆனால் மாஸ்பர்ன் 11 வயதுப் பிள்ளைகளை மட்டும் வைத்துத் தொடங்கி, ஆண்டுக்கு ஒரு வகுப்பாக வளர்ந்த பள்ளி. பழைய பள்ளிக்கு அப்படியொரு வாய்ப்பை யாரும் தரவில்லை. இரண்டையும் ஒரே தராசில் வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

மிச்சம் என்றால், பழைய மாணவர்களின் கிராம்புக் கழகம். வணிகர் சங்கத்தின் சின்னத்தில் கிராம்பு உண்டு, அதனால் அந்தப் பெயர். பள்ளி மூடிய பிறகும் அது கலையவில்லை.