ஸ்டெப்னியை இறக்கிப் பார்த்தீர்களா? வாசகர் கேள்வி-பதில்

இந்தத் தடவை 4 வீல் டிரைவ் வண்டிக்காரர்களிடமிருந்து வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஸ்டெப்னி பற்றித்தான். ஒரே கேள்வியை நாலைந்து பேர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். வண்டி எது, டயர் சைஸ் என்ன என்று ஒரு வரிகூட எழுதாமல் "என் வண்டிக்கு எது நல்லது?" என்று மட்டும் கேட்டவர்களுக்குப் பதில் இல்லை. எனக்கு ஜோசியம் தெரியாது.

கேள்வி: வண்டியோடு ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னிதான் கொடுத்தார்கள். காட்டுப்பாதைக்கு அது போதாதா?

போதாது. 80 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாதே என்று அதன் மேலேயே அச்சடித்திருக்கும், காற்றும் 60 பிஎஸ்ஐ வேண்டும். அவ்வளவு விறைப்பான ஒல்லி டயர் மணலில் கத்தி மாதிரி இறங்கும், கல்லில் பிடிப்பு இருக்காது, வண்டியின் அந்த மூலையும் தாழ்ந்துவிடும். தார் ரோட்டில் அடுத்த பஞ்சர் கடை வரைக்கும் போவதற்காகச் செய்தது அது. பஞ்சர் கடை இல்லாத இடத்துக்குப் போகத்தானே இந்த வண்டியை வாங்கினீர்கள்?

கேள்வி: பஞ்சர் கிட் இருக்கிறது, கம்ப்ரசர் இருக்கிறது. அப்புறம் எதற்கு 40 கிலோவைச் சுமக்க வேண்டும்?

ஆணி குத்தினால் கிட் போதும், ஸ்டெப்னியைத் தொடவே வேண்டாம். ஆனால் கரடுமுரடான பாதையில் டயர் போவது பெரும்பாலும் ஆணியால் அல்ல. காற்றைக் குறைத்து ஓட்டும்போது சைட்வால் (டயரின் பக்கச் சுவர்) பிதுங்கி நிற்கும், கூரான கல் அதைத்தான் கிழிக்கும். தரையைத் தொடும் ட்ரெட்டுக்கு அடியில் எஃகு பெல்ட் இருப்பதால், அங்கே பஞ்சர் ஓட்டையில் அடைத்த கிட்டின் திரி நிற்கிறது. சைட்வால் ஒவ்வொரு சுற்றுக்கும் மடங்கி விரிகிற இடம், அங்கே திரியை நம்பி வேகமாகப் போனால் உயிருக்கே ஆபத்து. ரிம் வளைந்துவிட்டால் கிட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்? இரண்டும் வேண்டும்.

கேள்வி: 235/70 ஆர் 16-லிருந்து 245/75 ஆர் 16-க்கு மாறினேன். நான்கு மட்டும் வாங்கினேன், ஸ்டெப்னி பழைய சைஸ்தான். ஓர் அவசரத்துக்குத்தானே, பரவாயில்லைதானே?

தீர்ப்பை நீங்களே எழுதிவிட்டு என்னிடம் கையெழுத்து கேட்கிறீர்கள். போட மாட்டேன். இந்தக் கேள்வி ஏதாவது ஓர் உருவத்தில் வந்துகொண்டே இருக்கிறது, நானும் அதே பதிலைச் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். டயர் விற்கிறவரும் ஐந்தாவதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை. கேட்டால், "அது சும்மா கிடக்கிறதுதானே சார்" என்பார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் எண் டயரின் அகலம் மில்லிமீட்டரில், இரண்டாவது அந்த அகலத்தில் பக்கச் சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது, 16 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். பழைய டயரின் விட்டம் சுமார் 735 மில்லிமீட்டர், புதியது 774. கிட்டத்தட்ட 4 சென்டிமீட்டர் வித்தியாசம், அதாவது 5 சதவீதம். ஒரு கிலோமீட்டருக்குச் சின்னது 430 சுற்று சுற்றினால் பெரியது 410தான் சுற்றும். ஒரே ஆக்ஸிலில் (இடது வலது சக்கரங்களை இணைக்கும் அச்சில்) ஒரு பக்கம் சின்னதும் மறுபக்கம் பெரியதும் இருந்தால், ரோடு நேராக இருந்தாலும் வண்டி ஓயாமல் வளைவில் திரும்புவது போலத்தான், இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் வேலை செய்யும், உள்ளே சின்னப் பல்சக்கரங்கள் நிற்காமல் உருண்டுகொண்டே இருக்கும். சாதாரண டிஃபரன்ஷியல் என்றால் மெதுவாகக் கொஞ்ச தூரம் போவதைத் தாங்கும். லிமிடெட் ஸ்லிப் (ஒரு சக்கரம் மட்டும் தனியாக வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்தும் வகை) என்றால் கிளட்ச் தட்டுகள் உரசிச் சூடாகும். எந்நேரமும் நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டியில் முன், பின் ஆக்ஸில்களுக்கு நடுவிலிருக்கும் சென்டர் டிஃபரன்ஷியலுக்கும் அதே கதி, அங்கே விஸ்கஸ் கப்ளிங் (கெட்டியான திரவத்தால் இயங்கும் இணைப்பு) இருந்தால் அது சூட்டிலேயே செத்துப்போகும்.

பார்ட்டைம் வண்டிக்காரர்கள் (தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கர இழுவை போடுகிறவர்கள்) தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். 4 ஹெச்சில் (நான்கு சக்கர இழுவையில்) போட்டதும் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்கின்றன. சின்ன டயர் மாட்டிய ஆக்ஸில் சராசரியாக இரண்டரை சதவீதம் வேகமாகச் சுற்றப் பார்க்கும், மற்றது விடாது. அந்த முறுக்கு முழுவதும், முன்னுக்கும் பின்னுக்கும் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸில் போய் ஏறும். சேற்றிலும் மணலிலும் டயர் வழுக்கி முறுக்கை விட்டுவிடும். பாறையிலும் கெட்டித் தரையிலும் விடாது, லீவர் 2 ஹெச்சுக்கு (இரண்டு சக்கர இழுவைக்கு) திரும்ப வராமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். டயர் கிழிவது பாறையில்தான், 4 ஹெச் தேவைப்படுவதும் அங்கேதான், உங்கள் ஸ்டெப்னியோடு 4 ஹெச் போடக் கூடாததும் அங்கேதான். எதற்காகச் சுமக்கிறீர்கள் அதை?

ஏற்கனவே மாட்டிக்கொண்டவர்களுக்கு: பார்ட்டைம் வண்டியில் சின்ன டயரை முன்பக்கம் போட்டு 2 ஹெச்சில் ஓட்டுங்கள். கிழிந்தது பின் டயர் என்றால், முன்னால் இருக்கிற நல்ல டயரைக் கழற்றிப் பின்னால் மாட்டி, சின்னதை முன்னால் போடுங்கள். இரண்டு தடவை ஜாக்கி போட வேண்டியிருக்கும், சோம்பல் பார்க்காதீர்கள். 80-ஐத் தாண்டாதீர்கள், டிஃபரன்ஷியலைப் பூட்டும் லாக்கரைத் தொடாதீர்கள், ஏபிஎஸ் விளக்கு எரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

"பெரிய டயர் வண்டிக்கு அடியில் நுழையவில்லை" என்று பாதிப் பேர் எழுதியிருக்கிறார்கள். சைலன்சருக்கும் பம்பருக்கும் நடுவில் எவ்வளவு இடம் என்பதை, நான்கு டயருக்குப் பணம் கொடுக்கும் முன்பே டேப் பிடித்துப் பார்த்திருக்க வேண்டும். சைஸ் மாற்றினால் ஐந்தும் மாற்றுங்கள். ஐந்து வாங்க முடியவில்லையா, சைஸ் மாற்றாதீர்கள்.

கேள்வி: அப்படியானால் ஐந்தையும் சுழற்சியில் போட வேண்டுமா?

போடுங்கள். நான்கு தேய்ந்து, ஐந்தாவது முள்முள்ளாகப் புதிதாக இருந்தால் அதுவும் சைஸ் வித்தியாசம்தான். ட்ரெட் ஆழத்தில் 2-3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள், ஃபுல்டைம் வண்டியென்றால் கையேட்டில் சொன்ன அளவு இதைவிடக் கறாராக இருக்கலாம். 8,000-10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும். ஒரே திசையில் சுற்ற வேண்டிய டயர் என்றால் பக்கம் மாறும்போது தலைவலி, ஆகவே அந்த வகையை இந்த வண்டிகளுக்கு வாங்காமலிருப்பது நல்லது. ஐந்தாவதில் காற்றழுத்த சென்சார் இல்லாவிட்டால் டேஷ்போர்டில் விளக்கு எரியும், ஐந்திலும் போட்டுவிடுங்கள்.

கேள்வி: பின்கதவா, அடியிலா, மேலே கேரியரிலா? எங்கே மாட்டுவது நல்லது?

தொழிற்சாலையில் எங்கே மாட்டித் தந்தார்களோ அங்கே, கனம் கூடாதவரைக்கும்.

பின்கதவு கைக்கு எட்டும், பார்வைக்கும் படும். ஆனால் 33 அங்குல டயரும் இரும்பு ரிம்மும் சேர்ந்தால் 40 கிலோவுக்குக் குறையாது. மேடுபள்ளத்தில் கதவு அதைத் தூக்கித் தூக்கிப் போடும்போது கீல் தளரும், பிராக்கெட்டைச் சுற்றித் தகடு மயிரிழையாக விரியும். கதவைத் திறந்து, டயரை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். கதவே ஆடினால், பின் பம்பரில் தனியாகத் திறக்கிற கேரியர் போடும் நேரம் வந்துவிட்டது.

அடியில் தொங்குவது எடையைக் கீழே வைக்கும், அது லாபம். நஷ்டம் என்னவென்றால் பள்ளத்திலிருந்து ஏறும்போது முதலில் இடிபடுவது அதுதான், சேறு முழுவதும் ரிம்மின் குழிக்குள் போய்க் காய்ந்து கிடக்கும். பம்பர் ஓட்டை வழியாகக் கம்பியை விட்டுச் சுற்றினால் கேபிள் இறங்க வேண்டும். துரு பிடித்திருந்தால் இறங்காது, அல்லது பாதியில் அறுந்து விழும். இறங்கிய பிறகு நடுவிலிருக்கும் தகட்டைச் சாய்த்து ரிம்மின் ஓட்டை வழியாக வெளியே எடுக்க வேண்டும். இதை முதல்முதலாக இருட்டில், சேற்றில் படுத்துக்கொண்டு கற்றுக்கொள்ள வேண்டாம். வீட்டு வாசலில் ஒருமுறை இறக்கிப் பாருங்கள்.

மேலே ஏற்றுவது கடைசி வழி. வண்டி சரிவில் சாயும்போது அத்தனை உயரத்தில் 40 கிலோ என்பது சின்ன விஷயமில்லை. கூரை தாங்கும் எடை கையேட்டில் இருக்கும், அதில் கேரியரின் எடையும் அடக்கம். அப்புறம், அதை ஒற்றை ஆளாக இறக்க உங்களால் முடியுமா? வண்டிக்குள் போடுவதானால் தரைக் கொக்கியில் ராட்செட் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டுங்கள். கட்டாத ஸ்டெப்னி சடன் பிரேக்கில் முன்சீட்டுக்கு வந்துவிடும்.

கேள்வி: ஸ்டெப்னியில் எவ்வளவு காற்று?

வண்டிக்குச் சொன்னதைவிட 5 பிஎஸ்ஐ கூட வையுங்கள், சைட்வாலில் போட்டிருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல். சும்மா கிடக்கும் டயரும் மாதம் ஒரு பிஎஸ்ஐ வாக்கில் இழக்கும். மாட்டும்போது அதிகமாக இருந்தால் இறக்குவது சுலபம், ஏற்றுவதுதான் கஷ்டம். அடியில் தொங்குகிறதில் வால்வு கைக்கு எட்டவில்லை என்றால் நீட்டிப்புக் குழாய் கிடைக்கிறது, போட்டுவிடுங்கள். எட்டவில்லை என்பதாலேயே வாங்கிய நாளிலிருந்து காற்று பார்க்காதவர்கள் நிறைய.

கேள்வி: பத்து வருஷமாகத் தரையே தொடாத ஸ்டெப்னி. புதுசு மாதிரியே இருக்கிறதே?

புதுசு மாதிரி இருக்கும், புதுசு இல்லை. சைட்வாலில் டாட் (DOT) எழுத்துகளை அடுத்து வரும் கடைசி நான்கு இலக்கத்தைப் பாருங்கள். 2316 என்றால் 2016-ஆம் வருஷம் 23-ஆவது வாரம். ஐந்து வருஷம் தாண்டினால் ஆண்டுக்கொருமுறை நன்றாகப் பார்க்க வேண்டும், பத்தானால் ட்ரெட் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிட வேண்டும் என்று பல டயர் கம்பெனிகளே சொல்கின்றன, ஸ்டெப்னிக்கும் சேர்த்துத்தான். வெயிலும் சைலன்சர் சூடும் ஓடாத டயரையும் விடாது.

கேள்வி: ஹேண்ட்பிரேக் போட்டு, கியரிலும் விட்டுத்தான் பின்சக்கரத்தைத் தூக்கினேன். வண்டி ஜாக்கியிலிருந்து நகர்ந்துவிட்டது. எப்படி?

சில பழைய 4 வீல் டிரைவ் வண்டிகளில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை, ஆக்ஸிலுக்குச் சக்தி கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. பழைய லேண்ட் ரோவர்கள் அப்படித்தான். பின்சக்கரம் ஒன்று தரையை விட்டதும், ஷாஃப்ட் நின்றிருந்தாலும் டிஃபரன்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையிலிருப்பது மறுபக்கம் உருளும். கியரில் விட்டாலும் அதே கதைதான். எந்த வண்டியானாலும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள், கல் கிடைத்தாலும் சரி. தூக்கும் முன்பே நட்டைத் தளர்த்துங்கள். ஜாக்கிக்கு அடியில் அகலமான பலகை போடுங்கள். ஸ்டெப்னியைச் சேஸிஸுக்கு அடியில் படுக்கப் போட்டுவிட்டு வேலை செய்யுங்கள், ஜாக்கி சறுக்கினால் வண்டி அதன்மேல் உட்காரும், உங்கள்மேல் இல்லை.

வண்டியை உயர்த்தியவர்களுக்கு ஒரு வார்த்தை: பழைய ஜாக்கி இப்போது எட்டாது. அதையும் வாசலிலேயே பாருங்கள்.

கேள்வி: நான்கும் அலாய், ஸ்டெப்னி மட்டும் இரும்பு ரிம். பிரச்சினை உண்டா?

சைஸும் ஆஃப்செட்டும் (ரிம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி நிற்கிறது என்ற அளவு) ஒன்றாக இருந்தால் இல்லை. நட்டைப் பாருங்கள். சில அலாய்களுக்குத் தட்டையான வாஷர் வைத்த நட், இரும்பு ரிம்முக்குக் கூம்பு நட். ஒன்றுக்குரியதை மற்றதில் போட்டால் இறுகின மாதிரி இருந்து கழன்றுவிடும். தனி நட் தேவைப்பட்டால் ஸ்டெப்னியோடு பையில் போட்டுக் கட்டி வையுங்கள். பூட்டு நட் போட்டவர்கள் சாவி எங்கே என்று இப்போதே எழுந்து போய்ப் பாருங்கள். எந்த ரிம்மானாலும் மாட்டி 50-100 கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு தடவை இறுக்குங்கள்.

கேள்வி: இரண்டு ஸ்டெப்னி வேண்டுமா?

வாரக்கடைசிப் பயணத்துக்கு வேண்டாம். பல நாள் ஆள் நடமாட்டமில்லாத பாலைவனப் பாதை என்றால் வேண்டும். இரண்டாவதை ரிம் இல்லாமல் வெறும் டயராகக் கொண்டுபோனால் ரிம்மின் எடை மிச்சம். ஆனால் ரிம்மிலிருந்து டயரின் விளிம்பை (பீட்) பிரிக்கத் தெரிய வேண்டும், அதற்கான லீவர்களும் வேண்டும்.

கேள்வி: ஸ்டெப்னிக்குக் கவர் போடலாமா?

போடலாம், வெயிலுக்கு நல்லது. அடியில் தண்ணீர் வடிய ஓட்டை இருக்கிறதாக வாங்குங்கள், பின் கேமராவை மறைக்காமல் இருக்கட்டும். காற்று பார்க்க மாதாமாதம் அதைக் கழற்றியாக வேண்டும், அதனால் கயிற்று முடிச்சு வேண்டாம், ஜிப் வைத்ததே தேவலை.